டீசல் ஜீப்பை நிறுத்துவது எது?

சென்னைப் புறநகரான நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடிக்கு வந்துவிட்டால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. கிழக்கே மதுரவாயலில் சென்னை பைபாஸ், மேற்கே நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை, அதையும் தாண்டினால் பெங்களூரு வழி. வேலைக்குப் போகிறவர்களுக்கு உள்ள இதே வசதி வண்டித் திருடனுக்கும் உண்டு. நள்ளிரவில் கிளப்பிய வண்டி விடிவதற்குள் மாநில எல்லையைத் தாண்டிவிடலாம். வாசலில் பழைய மஹிந்திரா ஜீப்போ மாருதி ஜிப்ஸியோ நிற்கிற வீட்டில் கவலை இன்னும் அதிகம். கூரை கான்வாஸ், கதவு பெயருக்குத்தான். பழைய மாடல் பலவற்றில் ஸ்டியரிங் லாக்கும் கிடையாது.

அது ஜீப்பின் பிறவிக் குணம். இரண்டாம் உலகப் போரில் சாவியைத் தேடி நிற்க நேரமில்லை என்பதால், பிற்பாடு வந்த ராணுவ ஜீப்புகளில் சாவிக்குப் பதில் வெறும் திருப்பு சுவிட்சையே வைத்தார்கள். களவு போகாமலிருக்க ஸ்டியரிங்கைச் சங்கிலியால் கட்டிப் பூட்டுவது வழக்கமானது. 1940-இல் எதிரி வந்திறங்குவானோ என்று அஞ்சிய பிரிட்டனில், ஆளில்லாமல் நிறுத்தும் வண்டியை ஓடாதபடி செய்துவைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. பலர் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். விரல் நீளத் துண்டு ஒன்று இல்லாவிட்டால் எந்த ஸ்பார்க் பிளக்குக்கும் பொறி போகாது.

இன்றைய காரில் இந்த வேலையைச் செய்வது இம்மொபிலைசர். சாவித் தலைக்குள் பேட்டரியே இல்லாத சிறு சிப் இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மின்தூண்டலால் உயிர்பெறும் சிப் தன் அடையாளத்தைச் சொல்கிறது. அது பொருந்தினால்தான் எஞ்சினை இயக்கும் கணினி எரிபொருள் விடும். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. கணினியே இல்லாத பழைய ஜீப்பில் இந்தக் காவலுக்கு இடமில்லை. எனவே எஞ்சினுக்கு எது உயிர்நாடி என்று பார்த்து, அதை நாமே பூட்ட வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்கு உயிர்நாடி மின்சாரம். இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரில் ஒரு மறைவு சுவிட்ச் வைத்தால் பொறி வராது. கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ இன்ஜெக்டர் வைத்த ஜிப்ஸியில் டாங்க்குக்குள் இருக்கும் எரிபொருள் பம்பின் மின் இணைப்பையும் இப்படித் தடுக்கலாம்.

டீசல் கதை வேறு. அங்கே பொறியே கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் தெளித்த டீசல் தானே பற்றிக்கொள்ளும். டீசல் பம்பைச் சுழற்றுவதும் எஞ்சினேதான். இழுத்து நிறுத்தும் கேபிள் வைத்த பழைய டீசல் ஜீப், ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் செல்ஃப் மோட்டாரை மட்டும்தான் தடுக்கும். இரண்டு பேர் தள்ளி கியரைப் போட்டால் எஞ்சின் உறுமிவிடும்.

டீசலுக்குப் பூட்டு எரிபொருள் பாதையில்தான் விழ வேண்டும். மின்சாரம் வந்தால் மட்டும் திறக்கும் சோலினாய்டு வால்வையோ, கண்ணில் படாத கைவால்வையோ மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தலாம். வால்வு மூடியிருந்தால், ஃபில்டரிலும் குழாயிலும் மிச்சமுள்ள டீசலில் வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் அதை வெளியேற்றாமல், அதாவது ஏர் எடுக்காமல், மறுபடி கிளம்பாது. நடுரோட்டில் அந்த வேலைக்குத் திருடன் உட்கார மாட்டான். ஓடும் வண்டியை ஃபோனிலிருந்தே நிறுத்தும் கருவி மட்டும் வேண்டாம். எஞ்சின் நின்றால் பவர் பிரேக்கின் துணையும் போய்விடும், குறுக்கே வருபவர் பாடு ஆபத்து.

நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டிக்கு இன்னொரு சௌகரியம்: எஞ்சினின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ். அதன் லீவரை நியூட்ரலில் வைத்துப் பூட்டினால் எஞ்சின் ஓடும், கியரும் விழும், சக்கரம் மட்டும் அசையாது. ஆனால் வண்டியைக் கட்டி இழுப்பது சுலபமாகிவிடும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரப் பூட்டும் சேர்ந்தால்தான் இது காவல்.

ஜிபிஎஸ் டிராக்கர் திருட்டைத் தடுக்காது, போன இடத்தைச் சொல்லும். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளில் தின்பது அரை ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை இரண்டே மாதத்தில் காலிசெய்துவிடும். ஞாயிறன்று மட்டும் ஓட்டுகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். கட்-ஆஃப் சுவிட்சுக்குப் பின்னால் இணைத்தால் டிராக்கரும் சேர்ந்து அணைந்துபோகும்.

திருடியவன் சேஸ் எண்ணை அரத்தால் தேய்த்தாலும் கதை முடியாது. எண்ணை அடித்தபோது இரும்பின் படிக அமைப்பு, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கும் கீழே நசுங்கிப்போயிருக்கும். மேற்பரப்பை மெருகேற்றி அமிலக் கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதி மற்ற இடத்தைவிட வேறு வேகத்தில் அரிபட்டு எண் மீண்டும் தெரியும். தடய அறிவியல் ஆய்வகங்களில் இது பழகிய சோதனை. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆர்.சி-யின் நகலும், சேஸ், எஞ்சின் எண்களின் படமும், வண்டியில் நீங்கள் செய்த வெல்டிங் வேலையின் படமும் வீட்டில் இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸையும் பார்த்துவிடுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்றியமைத்த ஜீப் என்றால் பில்களோடு போய்ப் பேசுவது நல்லது.