பெட்டி விலையும் ஒரு நாள் விலையும்

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியர்கள். ஆஸ்துமாவால் நேரும் சாவுகளிலோ நம் பங்கு 42 சதவீதம். இந்த இடைவெளிக்குத் தூசியையும் புகையையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தொடர்ந்து எடுக்க வேண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை எடுப்பதில்லை. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இழுப்பு வந்ததும் கை நீள்வது நீல நிற சால்பியூட்டமாலுக்குத்தான். அது சில நிமிடங்களில் குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. அதை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது.

“ஸ்டீராய்டா? வேண்டாம் டாக்டர், பழகிப்போயிடும்.” இந்தப் பயத்தை ஒதுக்கித் தள்ளாமல் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். புடசோனைடு 200 மைக்ரோகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு நாளுக்கு 400. ஓராண்டுக்கு 1,46,000 மைக்ரோகிராம், அதாவது 146 மில்லிகிராம். இனி மறுபக்கம்: இழுப்பு முற்றி மருத்துவமனைக்கு ஓடினால் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரும் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், 5 நாள். மொத்தம் 200. ஓராண்டு இன்ஹேலரில் போகும் எடையை விட ஒரு வாரத்துக்குள் விழுங்கும் எடை அதிகம்! இரண்டும் வெவ்வேறு மருந்து, வீரியமும் வேறு. எடை மட்டுமே முழுக் கணக்கல்ல. ஆனால் மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது. புடசோனைடில் தொண்டை வழியே வயிற்றுக்குள் இறங்கும் பகுதியைக் கல்லீரல் ஏறத்தாழ 90 சதவீதம் அழித்துவிடுகிறது.

செலவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சிறுவயதில் 4 முதல் 6 ஆண்டுகள் புடசோனைடு எடுத்த குழந்தைகள் வளர்ந்தபின் எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்ததாக 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வாய்ப்புண் வரலாம், எடுத்தபின் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். வரவுப் பக்கத்தில் இருப்பது உயிர். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 30,569 பேரின் பதிவுகளைக் கொண்டு 2000-இல் வெளியான ஆய்வில், முந்தைய ஓராண்டில் கூடுதலாக எடுத்த ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா சாவு விகிதம் 21 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு, முதல் 3 மாதத்தில் சாவு விகிதம் தொடர்ந்தவர்களைவிட அதிகமாக இருந்தது.

எந்த ஸ்டீராய்டு என்பது அடுத்த கேள்வி. பெரியவர்களுக்குக் குறைந்த அளவு என்று ஜினா வகுப்பது: பெக்லோமெத்தசோன் 200 முதல் 500 மைக்ரோகிராம், புடசோனைடு 200 முதல் 400, புளூட்டிகசோன் புரோப்பியோனேட் 100 முதல் 250, சிக்லெசோனைடு 80 முதல் 160. ஆகவே மருந்து வேறானால், பெட்டியில் 100 என்றிருப்பது 200 என்றிருப்பதில் பாதி வேலைதான் செய்யும் என்று நினைக்க வேண்டாம். என் பார்வையில், பெயரைவிட முக்கியம் நிறுத்தாமல் வாங்க முடிவது.

அங்கேதான் ரூபாய்க் கணக்கு. 200 அழுத்து கொண்ட, 200 மைக்ரோகிராம் இன்ஹேலரின் விலையைக் கணக்குக்காக 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பெட்டியில் அச்சிட்ட விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். அழுத்து ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய், நாளுக்கு 3 ரூபாய், ஆண்டுக்கு 1,095 ரூபாய். 2025–26-இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். மூன்றேகால் நாள் கூலியில் ஓராண்டு மருந்து. இழுப்பு வந்து நெபுலைசர் வைக்க ஓடும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது, பேருந்துக் காசு தனி. அதே அளவை 100 மைக்ரோகிராம் இன்ஹேலரில் எடுத்தால் நாளுக்கு 4 அழுத்து. ஆண்டுக்கு 4 பெட்டிக்குப் பதில் 8 வாங்க வேண்டிவரும். சீட்டில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அதனால்தான். மதுரை பனகல் சாலை அரசு இராசாசி மருத்துவமனையில் தரும் மருந்துக்குக் காசில்லை. அங்கே செலவாவது நாள்.

கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் கருவியில் கணக்கு மாறும். 30 கேப்ஸ்யூல் டப்பா 15 நாள்தான் வரும். மாதம் 2 டப்பா, ஆண்டுக்கு 25. கையில் ஒரேயடியாகப் பணமில்லாத வீட்டுக்கு இது தோதுதான். எத்தனை மிச்சம் என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வேகமாக, ஆழமாக உறிஞ்ச வலு வேண்டும். சிறு குழந்தைக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசரும் அழுத்தும் இன்ஹேலருமே சரி.

எண்காட்டி இல்லாத இன்ஹேலரில் 200 அழுத்து முடிந்த பிறகும் புஸ்ஸென்று காற்று வரும், சரியான அளவு மருந்து வராது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை அல்ல. ஜனவரி 15 பொங்கலன்று தொடங்கி நாளுக்கு 2 அழுத்து என்றால், ஏப்ரல் 24-ஆம் தேதி அது காலி. அந்தத் தேதியைப் பெட்டிமேல் பேனாவால் எழுதிவிட்டு, அடுத்ததை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடலாம். நீலப் பெட்டியையும் சேர்த்து எண்ணுங்கள்: 200 அழுத்துப் பெட்டி ஆண்டுக்கு 3-ஐ எட்டினாலே கடும் இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, 12-ஐ எட்டினால் சாகும் அபாயமே கூடுகிறது என்கிறது ஜினா. மூன்றாவது நீலப் பெட்டியை வாங்கும் நாளிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், காலிப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு.