விளைச்சலுக்கும் வீட்டில் இடம் வேண்டும்

வீடு என்றதும் நமக்குச் சுவரும் கூரையுமே நினைவுக்கு வருகின்றன. கமம் செய்யும் குடும்பத்துக்கு வீடு அதற்கும் மேலானது. வயலில் தொடங்கும் வேலை வீட்டில்தான் முடிகிறது. காயவைப்பது, தூற்றுவது, சேமிப்பது, விதை காப்பது யாவும் வீட்டிலும் வளவிலும் நடப்பவை. எனவே நம் முன்னோர் பயிரைப் பார்த்தே வீட்டை அமைத்தார்கள்.

நெல்லுக்கு ஏற்ற வீடு

மன்னாரில் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெல் விளைவித்தவர்களின் வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே முற்றம் பரந்ததாய், நீர் தேங்காதபடி மேடாய் இருக்கும். அது நெல் காயும் இடம். நெல்லின் எதிரி ஈரம். ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்பட்டால் பூஞ்சணமும் வண்டும் எளிதில் பற்றும். ஆகவே நெற்கூட்டை நிலத்தில் வைக்காமல் கற்களின் மேல் உயர்த்தி வைத்தார்கள். அடியில் காற்று ஓடும்; கறையான் ஏறினால் கண்ணில் படும். குசினி தனியே நின்றது. ஓலைக் கூரையில் தீப்பிடித்தாலும் நெல் தப்பும். அடுப்புக்கு மேலே சோளப் பொத்திகள் தொங்கின. புகை பட்ட விதையைப் பூச்சி அண்டுவது குறைவு.

வெங்காயத்துக்கு ஏற்ற கொட்டில்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளம் மாவட்டத்துக்கு வந்தன. நெல் விதைத்த கைகள் பல, கற்பிட்டி மணல் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் பிடுங்கின. சின்ன வெங்காயத்தின் தேவை வேறு. மூடிய அறையில் அது முளைக்கும், அழுகும். பிடி பிடியாகக் கட்டி, பக்கச் சுவரில்லாத கொட்டிலில் காற்றுப்பட தொங்கவிட வேண்டும். பயிர் மாறினால் கட்டடமும் மாறுகிறது.

புதிய வீடு கட்டும்போது

போருக்குப் பின், 2012 முதல், இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மீளக்குடியேறிய குடும்பத்துக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. வீட்டின் அளவு சுமார் 550 சதுர அடி. இத்தகைய வரைபடங்கள் ஆட்களுக்கே அறை ஒதுக்குகின்றன, மூடைகளுக்கு அல்ல. சேமிக்க இடமில்லாதவர் அறுவடை நாளிலேயே கிடைத்த விலைக்கு விற்க நேரும். அடுத்த போகத்துக்கு விதையையும் காசு கொடுத்து வாங்க நேரும்.

ஆகவே மதுரங்குளியில் தங்கினாலும் ஊர் திரும்பினாலும், அத்திவாரம் வெட்டுமுன் குடும்பமாக அமர்ந்து பேசுவோம்:

1. என்ன பயிர் செய்யப் போகிறோம்? எத்தனை மூடை வரும்?
2. அதை எங்கே காயவைப்போம்? முற்றத்தின் நடுவே வீட்டைக் கட்டிவிட வேண்டாம்.
3. பின்பக்கம் ஒரு பத்தி இறக்க இடமுண்டா?
4. சீமெந்துத் தரையில் மூடையை நேரே அடுக்காமல், பலகை போட்டு, சுவரிலிருந்து விலக்கி வைக்க முடியுமா?

வீட்டுப் பெண்களிடம் முதலில் கேட்போம். நெல்லைக் காயவைத்து விதையைக் காத்தவர்கள் அவர்களே. விளைச்சலுக்கு இடமிருக்கும் வீட்டில் விலை பேசவும் நமக்கு அவகாசம் இருக்கும்.