காலாங் ஆற்றோரப் பாதை

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்கா வழியே செல்லும் காலாங் ஆற்றோரப் பாதையை நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் பகிர்ந்து பயன்படுத்துகின்றனர். இத்தகைய பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ. குழந்தைகள் நடக்கும் மாலை வேளையில் அதுவே அதிகம். இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். முந்துவதற்குச் சற்று முன்பே மணியடிக்க வேண்டும். முதுகருகே வந்து அடித்தால் முதியவர் திடுக்கிட்டு எந்தப் பக்கமும் திரும்பக்கூடும்.

இங்கு வண்டிகளைவிட ஆற்றையே அதிகம் கவனிக்க வேண்டும். கான்கிரீட் கால்வாயாக இருந்த இது, 2012-இல் இயற்கையான ஆறாக மாற்றியமைக்கப்பட்டது. கரைச்சரிவில் இறங்கி நீரைத் தொடலாம். ஆனால் கனமழையில் நீர்மட்டம் விரைந்து உயரும். எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ ஒலிப்பான் ஒலித்தாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். மழை விட்டதும் இறங்கக் கூடாது. மேற்பகுதி நீர் இன்னும் வந்துகொண்டிருக்கும்.