ஸ்ட்ராபெர்ரி சொல்லும் பாடம்: சிங்கப்பூருக்கு அனுப்பும் முன் யோசிக்க வேண்டியவை

திருச்சி, சென்னை விமான நிலையங்கள் வழியாக நம் ஊர் காய்கறியும் பூவும் சிங்கப்பூருக்குப் போகின்றன. "அங்கே விவசாயமே கிடையாது, எவ்வளவு அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள்" என்று பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. அந்த நாடு தன் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. ஆனால் ஒரு நாட்டுச் சரக்கு நின்றால், உடனே வேறு நாட்டில் வாங்கிக்கொள்ளும். விளைவித்தவருக்கோ வேறு வயல் கிடையாது. நட்டம் அவர் தலையில்தான். இது எப்படி நடக்கிறது என்பதை ஸ்ட்ராபெர்ரியை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

இருப்பு வைக்க முடியாத பழம்

மா, வாழை போல ஸ்ட்ராபெர்ரியைக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்க முடியாது. பறித்தபின் நிறம் கூடலாம், இனிப்பு கூடாது. அதனால் செடியிலேயே பழுக்க விட்டுத்தான் பறிக்க வேண்டும். பழத்தில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். தோல் மிக மெல்லியது. 0 டிகிரி வெப்பநிலையில், 90 முதல் 95 சதவீத ஈரப்பதத்தில் வைத்தாலும் ஏறக்குறைய ஒரு வாரம்தான் தாங்கும். ஒரு பழத்தில் சாம்பல் பூஞ்சை வந்தால் பக்கத்துப் பழங்களுக்கும் பரவிவிடும்.

சிங்கப்பூரில் அரிசி இறக்குமதி செய்பவர்கள் குறிப்பிட்ட அளவு இருப்பு வைத்தே ஆக வேண்டும் என்ற விதி உண்டு. ஸ்ட்ராபெர்ரிக்கு அப்படி விதி போட்டாலும் பயனில்லை. இந்த வாரம் வரவில்லை என்றால் இந்த வாரம் பழம் இல்லை.

ஒரே நாட்டை நம்புவதில்லை

அதனால் வியாபாரிகள் பருவத்துக்கு ஒரு நாட்டில் வாங்குகிறார்கள். டிசம்பர் முதல் மே வரை தென்கொரியப் பழம். நம் ஆடி, ஆவணி ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். அப்போது குயின்ஸ்லாந்து பகுதியில் அறுவடை நடக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் பழம் வருகிறது. பழத்துக்குச் சுங்க வரியும் இல்லை. ஆகவே விலையை ஆட்டி வைப்பது வரி அல்ல, கீழே சொல்லும் நான்கும்தான்.

1. விமானம். காய்கறி, பழத்துக்கென்று தனி விமானம் பெரும்பாலும் கிடையாது. பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில்தான் ஏற்றுவார்கள். கொரோனா காலத்தில் பயணிகள் விமானம் குறைந்ததும் கொரிய ஸ்ட்ராபெர்ரிக்கு இடம் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் அந்நாட்டு வேளாண் அமைச்சகம் ஒரு விமான நிறுவனத்துடன் பேசி, சிங்கப்பூருக்கு ஸ்ட்ராபெர்ரிக்கென்றே தனி விமானம் ஏற்பாடு செய்தது. நமக்கும் 2020 மார்ச் கடைசியில் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றபோது இதே நிலைதான்.

2. வானிலை. 2023 மார்ச்சில் கலிபோர்னியாவில் பஜாரோ ஆற்றின் கரை உடைந்து, நடவு முடிந்திருந்த ஸ்ட்ராபெர்ரி வயல்களில் வெள்ளம் புகுந்தது. இப்படி ஒரு மழை, கடல் கடந்த நாட்டுக் கடையிலும் விலையை ஏற்றக்கூடும்.

3. மருந்து எச்சம். ஸ்ட்ராபெர்ரியைத் தோல் உரித்துச் சாப்பிட முடியாது. அடித்த மருந்து மேலேயே நிற்கும். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கிறது. விளையும் நாட்டில் அனுமதித்த மருந்தாலேயே வாங்கும் நாட்டில் சரக்கு நிராகரிக்கப்படலாம்.

4. நம்பிக்கை. 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ராபெர்ரிக்குள் தையல் ஊசி கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் குயின்ஸ்லாந்து, சில நாட்களில் நாடு முழுவதும் புகார்கள். நியூசிலாந்தின் பெரிய கடைகள் ஆஸ்திரேலியப் பழத்தையே எடுத்துவிட்டன. ஏற்றுமதிப் பழத்தில் உலோகம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என அரசு கட்டாயப்படுத்தியது. உணவில் இப்படிக் கலப்பவருக்கு அதிகபட்ச சிறைத் தண்டனை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்ந்தது. எந்தத் தவறும் செய்யாத விவசாயிகள்கூட நல்ல பழத்தைக் குப்பையில் கொட்டினார்கள்.

உள்ளூரிலேயே விளைவிக்கலாமே?

சிங்கப்பூரில் மூடிய அறைக்குள் விளக்கொளியில் ஸ்ட்ராபெர்ரி வளர்க்கிறார்கள். ஆனால் குளிரூட்டவும் வெளிச்சத்துக்கும் மின்சாரம் வேண்டும். அங்கே மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. அந்த எரிவாயுவும் இறக்குமதிதான். அதனால் வெளிநாட்டை நம்புவது முழுதாகத் தீராது.

நாம் செய்ய வேண்டியது

கொடைக்கானல், நீலகிரியில் ஸ்ட்ராபெர்ரி போடுபவருக்கும், சமவெளியில் ஏற்றுமதிக்குக் காய்கறி போடுபவருக்கும் இவை பொருந்தும்.

• வெயில் ஏறும் முன் பறித்து உடனே நிழலுக்குக் கொண்டு வாருங்கள். ஸ்ட்ராபெர்ரியாக இருந்தால் பறித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிரூட்டத் தொடங்குவது நல்லது. வயல் சூடு இறங்காமல் பெட்டியில் அடைத்தால் அழுகல் நிச்சயம்.

• எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்களைக் குறைக்காதீர்கள். வாங்கும் நாட்டில் அந்த மருந்துக்கு அனுமதி உண்டா என்று அடிக்கும் முன்பே ஏற்றுமதியாளரிடம் கேளுங்கள்.

• ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டத்தின் பெயரும் பறித்த தேதியும் இருக்கட்டும். யாரோ ஒருவர் சரக்கில் கோளாறு வந்தால், உங்கள் சரக்கு வேறு என்று காட்ட அதுதான் சாட்சி.

• விமானம் ரத்தானால், சரக்கு நிராகரிக்கப்பட்டால் நட்டம் யாருடையது? இதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு அந்த நேரத்தில் உதவாது.

• மொத்தப் பரப்பையும் ஒரே ஏற்றுமதியாளரை நம்பிப் போடாதீர்கள். ஒரு பங்கு உள்ளூர்ச் சந்தைக்கும் இருக்கட்டும். ஸ்ட்ராபெர்ரி போடுபவர்கள் ஜாம் தயாரிப்பவரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வாங்கும் நாடு ஒன்று போனால் இன்னொன்று என்று பல நாடுகளைக் கையில் வைத்திருக்கிறது. நாமும் நாற்று விடும் முன்பே இரண்டாவது சந்தையைத் தேடி வைப்போம்.