கல்பாக்கம், ஊரப்பாக்கம், கேளம்பாக்கம்... எல்லா ஊரும் ஏன் 'பாக்கம்'னே முடியுது?

ஜிஎஸ்டி ரோட்டில் போனால் ஊரப்பாக்கம், அச்சிறுபாக்கம். ஓஎம்ஆரில் கேளம்பாக்கம். இசிஆரில் கல்பாக்கம், கடப்பாக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு பாக்கம் வந்துவிடுகிறது. அது என்ன பாக்கம்?

பள்ளியில் படித்த ஐந்திணையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். குறிஞ்சி நில ஊருக்கு சிறுகுடி என்று பெயர். கடலும் கடல் சார்ந்த நெய்தல் நில ஊருக்கு பாக்கம், பட்டினம். கல்பாக்கத்தை ஒட்டியே புதுப்பட்டினமும், டச்சுக் கோட்டை இருக்கும் சதுரங்கப்பட்டினமும் இருப்பதைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். (சதுரங்கப்பட்டினத்தை வெள்ளைக்காரர்கள் 'சட்ராஸ்' ஆக்கியது தனிக்கதை.)

சரி, அச்சிறுபாக்கத்தில் கடல் எங்கே இருக்கிறது? இல்லைதான். காலப்போக்கில் பாக்கம் என்றால் பொதுவாக ஊர் என்றே ஆகிவிட்டது. மேடவாக்கம், வில்லிவாக்கம் எல்லாம் அதே பாக்கம்தான், 'பா' தேய்ந்து 'வா' ஆகியிருக்கிறது. அச்சிறுபாக்கத்துக்கு மட்டும் ஒரு புராணக் கதையும் உண்டு: திரிபுரம் எரிக்கப் போன சிவனின் தேர் அச்சு இங்கே இற்றுப்போனதாம்.

மாவட்டத் தலைநகரின் பெயரில் செங்கலும் இல்லை, பட்டுச்சேலையும் இல்லை. செங்கழுநீர்ப் பூக்கள் நிறைந்த ஊர் என்பதால் செங்கழுநீர்ப்பட்டு, அதுவே செங்கல்பட்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆங்கிலத்தில் அது 'சிங்கிள்புட்' ஆனது. இப்படித் திரிந்த 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி 2020 ஜூனில் தமிழக அரசு அரசாணை வெளியிட்டது. எழுத்துகளைப் பார்த்து சோஷியல் மீடியாவில் கிளம்பிய விமர்சனத்தில், சில நாளிலேயே அது வாபஸ்!

பெயர் முழுசாகவே மாறிப்போன ஊரும் இருக்கிறது. மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பம். குப்பம் என்றால் மீனவர் குடியிருப்பு. 2004 சுனாமி மணலை அரித்தபோது இங்கே பாறையில் கல்வெட்டு தெரிந்தது. அதில் இருந்த ஊர்ப் பெயர் திருவிழிச்சில், கூடவே அங்கிருந்த சுப்பிரமணியர் கோயில் பற்றிய தகவல். அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியதில், மண்ணுக்குள் இருந்த பழைய செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. ஒரு பழைய பெயர் காட்டிய வழி அது.

ஆனால் இன்று வீட்டுமனை வாங்குபவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஈறு 'தாங்கல்'. பறவைகள் வரும் வேடந்தாங்கலைத் தெரியும். அந்தத் தாங்கலுக்கு 'தங்கும் இடம்' என்று பலரும் அர்த்தம் சொல்கிறார்கள். தாங்கல் என்றால் பாசன ஏரி, பெரும்பாலும் சிறியது. ஏந்தலும் அப்படித்தான். மழைநீரை ஏந்தியது ஏந்தல், தாங்கியது தாங்கல். ஏரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் தண்ணீர் நின்ற இடத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது.

லேஅவுட் போடும்போது அந்த இடம் 'கார்டன்', 'சிட்டி', 'அவென்யூ' ஆகிவிடும். பத்திரத்தில் மட்டும் பழைய கிராமப் பெயரும் சர்வே எண்ணும் அப்படியே இருக்கும். பெயரில் தாங்கல் இருப்பதாலேயே அந்த மனை ஏரிக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பார்த்துவிடலாம். தமிழக அரசின் இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கும் வசதி இருக்கிறது.