மரத்திலேயே நொதிக்கும் மது

திராட்சைத் தோட்டமும் அதையொட்டிய மது தயாரிப்பிடமும் ஒரே குடும்பத்தின் உடைமையாக இருப்பது, காரைக்காலை 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலம் நீங்கலாக, ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டில் நெடுங்கால வழக்கம். ஆயினும் அரசலாறு கடலில் கலக்கும் இந்தச் சமவெளி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையாலும் ஆண்டு முழுவதும் வீசும் ஈரக் கடற்காற்றாலும் திராட்சைக் கொடிக்கு ஒவ்வாதது. தமிழகத்தின் பெயர்பெற்ற பன்னீர்த் திராட்சை மேற்கே மலைகள் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. காரைக்காலுக்கே உரிய மது தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் இறக்கப்படும் கள்ளே ஆகும். திராட்சை மதுவில் அறுவடை, பிழிதல், நொதித்தல் ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களில் அடுத்தடுத்து நிகழ, கள்ளில் அவை மர உச்சியில் தொங்கும் ஒரே கலயத்தில் சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே மரம் ஏறுபவரே உழவராகவும் மது செய்பவராகவும் இருக்கிறார்.

இலைகளில் உருவாகும் சர்க்கரை, பூவையும் காயையும் வளர்ப்பதற்காகப் பாளையை, அதாவது உறைக்குள் பொதிந்திருக்கும் பூங்கொத்தை, நோக்கிச் செல்கிறது. அந்த ஓட்டத்தைப் பாளையின் நுனியில் வெட்டித் திறந்து வைப்பதே பாளை சீவுதல் எனப்படும் வேலை. தென்னையில் இன்னும் விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு தடியால் நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவி, சற்றே கீழ்நோக்கி வளைத்துவிட்டால், இரண்டு மூன்று வாரங்களில் சாறு சொட்டத் தொடங்கும். பனையில் ஆண் மரம், பெண் மரம் இரண்டும் சாறு தரும். அவற்றின் பூங்கொத்துகள் கடிப்பு எனப்படும் மரக்கருவியால் நசுக்கிப் பதப்படுத்தப்படுகின்றன. வெட்டுவாய் அடைபட்டால் சாறு நின்றுவிடும் என்பதால், காலையும் மாலையும் மிக மெல்லிய சீவல் ஒன்றை அரிவாளால் எடுத்தாக வேண்டும்; சீவல் தடித்தால், ஒரு மாதமோ அதற்கு மேலோ பயன்பட வேண்டிய பாளை சில நாளிலேயே தீர்ந்துபோகும். காலில் தளைநார் பூட்டி உயரம் ஏறுவதே பார்ப்பவரை வியக்க வைக்கிறது, ஆனால் தொழிலின் நுட்பம் கத்தி பிடிக்கும் கையில்தான் உள்ளது.

தென்னை ஏறத்தாழ மாதம் ஒரு பாளை விடுவதால் தென்னங்கள்ளுக்கு ஆண்டு முழுவதும் அறுவடைக் காலமே. பனங்கள்ளோ கோடையை ஒட்டிய சில மாதங்களுக்கு உரியது.

சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சர்க்கரை உண்டு. அது ஏறக்குறைய நடுநிலையான, அதாவது புளிப்போ காரமோ இல்லாத நீர்மம். காற்றிலும் பாளையிலும் முந்தைய நாளின் கலயத்திலும் தங்கியிருக்கும் ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சைகள் அச்சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. நுரை அந்த வாயுவால் எழுவது. உடன் சேரும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் கள்ளுக்கு அதன் புளிப்பையும் வெண்மையான கலங்கலையும் தருகின்றன. நொதித்தல் உயிரிகளின் செயல் என்பதை 1857 முதல் வெளியான தம் ஆய்வுகளால் நிலைநாட்டிய லூயி பாஸ்டர், பின்னர் திராட்சை மது கெடாதிருக்க அதை இளஞ்சூட்டில் சூடாக்கும் வழியையும் கண்டார். அத்தகைய காப்பு ஏதும் இல்லாத கள், ஒரு நாளுக்குள் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயத்தை எட்டி, அதன்பின் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் வசப்பட்டுக் காடியாகத் திரிகிறது. திராட்சை மதுவைப் போல ஆண்டுக்கணக்கில் முதிரவிடுவது இதில் நடவாது.

இந்த விரைவே கள்ளைச் சுற்றியுள்ள பொருளாதாரத்தையும் தீர்மானிக்கிறது. விற்பனை மரத்துக்கு அருகிலேயே நடந்தாக வேண்டும். தேவை மரங்களின் கொடையை மிஞ்சும் இடத்தில் நீரும் போதை மருந்துகளும் கலக்கும் கேடு நுழைகிறது, அதற்குக் கள்ளைக் காட்டிலும் கண்காணிப்பின் தளர்ச்சியே பொறுப்பு.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதன் காரத்தன்மை நுண்ணுயிர்களைத் தடுத்துவிட, அதே சாறு இனிப்பு மாறாமல் பதநீராக இறங்கும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. பதநீருக்கு அத்தடை இல்லை. முழு மதுவிலக்கு இல்லாத புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலிலோ, கள்ளுக்கடைகள் கலால் துறையின் ஏலத்தில் உரிமம் பெற்று நடக்கின்றன. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் எல்லை வரப்புக்கு அப்பால் நிற்கும் அதே இன மரத்தில் சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கட்டினால், அது குற்றம்.