பனியில் வழுக்கிய சாம்ராஜ்யம்

இன்று லிதுவேனியா நாட்டின் தலைநகராக விளங்கும் வில்னா நகருக்கு மேற்கே சில மைல் தூரத்தில், போனாரி என்று ஒரு குன்று இருக்கிறது. மலை என்று சொல்லத்தக்க உயரம் அதற்கு இல்லை. கோடைக் காலத்தில் சாமானிய வண்டிக் குதிரைகள் ஏறிக் கடந்துவிடக்கூடிய சரிவுதான். ஆயினும், 1812ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 10ந் தேதியன்று, ஐரோப்பாக் கண்டத்தையே நடுங்க வைத்த ஒரு மகா சைன்யத்தில் எஞ்சியிருந்த பீரங்கிகளும், வண்டிகளும், சக்கரவர்த்தியின் பொக்கிஷமும் அந்தக் குன்றின் அடிவாரத்திலேயே நின்றுபோயின. பின்னால் எதிரிகள் துரத்தி வந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் முன்னால் வழியை மறித்தது எந்தப் படையுமன்று. பாதை முழுவதும் பனிக்கட்டி மூடிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. குதிரைகளால் அதன்மேல் கால் ஊன்ற முடியவில்லை. அவ்வளவுதான்.

பொக்கிஷ வண்டிகளை இனி மேலே கொண்டுபோக வழியில்லை என்று தெரிந்ததும், சிப்பாய்கள் பெட்டிகளை உடைத்துத் தங்க நாணயங்களை வாரிக்கொண்டார்கள். துரத்தி வந்த கொஸாக்கியரும் வந்து சேர்ந்து, சண்டையை மறந்து அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று வாரினார்களாம். மாஸ்கோவிலிருந்து எத்தனையோ ஆறுகளையும் யுத்தகளங்களையும் கடந்து வந்த வண்டிகள், ஒரு சிறு மேட்டின் கீழே கதியற்றுக் கிடந்தன.

நெப்போலியனை வென்றது ருஷ்யாவின் குளிர்காலம் என்று சரித்திரப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். ஆனால் பனி ருஷ்யர்களின் தலையிலுந்தானே பெய்தது? அவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் குளிரால் மடிந்தார்கள். எனினும் அவர்களுடைய குதிரைகள் நின்றன. பிரெஞ்சுக்காரரின் குதிரைகள் விழுந்தன. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்றல்ல. ஆனால் அந்தக் காரணங்களுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு சிறு இரும்புத் துண்டு. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஜட்கா வண்டிகள் ஓடிய நாட்களில், தெரு ஓரத்தில் குதிரைக்கு லாடம் அடிப்பதை நின்று வேடிக்கை பார்க்காத சிறுவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். ஆணி அறையும்போது குதிரைக்கு வலிக்காதோ என்று நம் மனம் பதைக்கும். வலிக்காது, குளம்பின் வெளிச்சுவர் நம்முடைய நகத்தைப் போன்றது, அதற்கு உணர்ச்சி கிடையாது. கல்லும் கப்பியுமான சாலையில் குளம்பு தேயாமல் காப்பாற்றுவதே லாடத்தின் வேலை. ஆனால் சாலையில் காப்பாற்றுகிற அதே லாடம் பனிக்கட்டியின்மேல் சத்துருவாகிவிடுகிறது. வெறும் குளம்பாவது தன் சொரசொரப்பான ஓரத்தினால் ஓரளவு பற்றிக்கொள்ளும். தேய்ந்து வழவழப்பான இரும்பு எதைப் பற்றிக்கொள்ளும்? குதிரையின் பாரமெல்லாம் அந்த வழவழப்பான வளையத்தின்மேல் இறங்குகிறது. அடியிலோ கண்ணாடி போன்ற தரை. முன்னங்கால் ஒருபுறம், பின்னங்கால் மற்றொரு புறம்.

இதற்குப் பரிகாரம் பனிநாட்டாருக்கு வெகுகாலமாகவே தெரியும். லாடத்தின் இரு குதிகளிலும், சில சமயம் முன்புறத்திலும், கீழ்நோக்கிக் கூரான முளைகள் வைத்து அடிப்பார்கள். அல்லது லாடத்தில் உள்ள சாதாரண ஆணிகள் இரண்டொன்றைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துவாரங்களில் உளி போன்ற கூர்த்தலை உடைய பனி ஆணிகளை அறைவார்கள். முளையோ ஆணித்தலையோ பனிக்கட்டியில் பதிந்து பிடித்துக்கொள்ளும். இவ்வளவு எளிய விஷயம்.

இந்த எளிய விஷயம் நெப்போலியனுடைய படையில் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் பெயர் கோலன்கூர். சக்கரவர்த்தியின் குதிரை லாயங்களுக்கெல்லாம் தலைமை அதிகாரி. 1807 முதல் 1811 வரை ருஷ்யத் தலைநகரில் பிரெஞ்சு ஸ்தானாதிபதியாக இருந்தவர். அந்நாட்டுக் குளிரை நேரில் அனுபவித்தவர். பாரிஸுக்குத் திரும்பி வந்ததும் நெப்போலியனிடம், இந்த யுத்தம் வேண்டாம் என்று மணிக்கணக்காக வாதாடினார். ருஷ்யச் சக்கரவர்த்தி அலெக்ஸாண்டர் தம் நாட்டின் தூரத்தையும் குளிரையும் நம்பியிருக்கிறார் என்று எடுத்துச் சொன்னார். நெப்போலியன் செவி சாய்க்கவில்லை. பிறர் நாட்டைப் பிடிக்கப் புறப்படுகிறவர்களின் பெட்டியில் அந்நாட்டின் தேசப்படம் தவறாமல் இருக்கும். அந்நாட்டின் சீதோஷ்ணத்தைப் பற்றிய பயம் மட்டும் இருப்பதில்லை.

1812 ஜூன் மாதக் கடைசியில் நீமன் நதியைக் கடந்த படையில் 1,50,000க்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன என்று கணக்கிடுகிறார்கள். அவற்றுள் பெரும் பகுதி பனியைக் கண்ணால் காணவே இல்லை. முதல் சில நாட்களிலேயே கடும் மழையிலும், பச்சைத் தானியப் பயிரை மேய்ந்த வயிற்று நோயிலும் ஆயிரக்கணக்கில் செத்தன. கோடை வெயிலும் ஓயாத நடையும் மேலும் பலவற்றைக் கொண்டுபோயின. ஆகையால் எல்லாப் பழியையும் லாடத்தின்மேல் போடுவது நியாயமாகாது. மாஸ்கோ வரை போய்ச் சேர்ந்த குதிரைகளின் கதைதான் நம்முடைய கதை.

செப்டம்பர் 14ந் தேதி மாஸ்கோவில் நுழைந்த நெப்போலியன், சமாதானத் தூதுக்குப் பதில் வரும் வரும் என்று காத்து ஐந்து வாரங்களைக் கழித்தான். அவ்வருஷம் இலையுதிர் காலம் அபூர்வமாக இதமாக இருந்தது. இதுவா கோலன்கூர் பயமுறுத்திய குளிர் என்று சக்கரவர்த்தி பரிகாசம் செய்தான். கோலன்கூர் மறுமொழி கூறி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தம் பொறுப்பில் இருந்த சக்கரவர்த்தியின் சொந்த லாயக் குதிரைகளுக்குக் கூர்முளை வைத்த குளிர்கால லாடம் அடிக்க ஏற்பாடு செய்தார். படையின் மற்றக் குதிரைகளுக்கு அதைச் செய்ய அவருக்கு அதிகாரமும் இல்லை. செய்ய வேண்டும் என்று நினைத்த அதிகாரிகளும் அநேகமாக இல்லை. பத்தாயிரம் குதிரை என்றால் நாற்பதினாயிரம் லாடம். உலையும், கரியும், இரும்பும், கருமான்களும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் வேண்டும். காலம் இருந்தது, ஐந்து வாரம் இருந்தது. அது தூதுக்குப் பதிலை எதிர்பார்ப்பதிலேயே போயிற்று.

அக்டோபர் 19ந் தேதி படை மாஸ்கோவை விட்டுப் புறப்பட்டது. நவம்பர் 6ந் தேதி பெரும் பனி விழுந்தது. முன்னால் செல்லும் ஆயிரக்கணக்கான காலடிகள் பனியை மிதித்து மிதித்து இறுக்கின. இரவுக் குளிர் அதைக் கட்டியாக்கியது. காலையில் பின்னால் வந்தவர்களுக்கு அது கண்ணாடித் தரை. ஒவ்வொரு ஓடையும், ஒவ்வொரு மேடும் ஒரு கோட்டை ஆயிற்று. ஒரு பீரங்கிக்குக் கட்டும் குதிரைகளைப்போல் இருமடங்கு கட்டியும் இழுக்க முடியவில்லை. விழுந்த குதிரை எழுந்திருக்க முயலும், மீண்டும் வழுக்கும், இரண்டு மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துவிடும். அரைப் பட்டினியில் கிடந்த பிராணிக்கு அந்த வீண் முயற்சியே கடைசி பலத்தையும் வாங்கிவிட்டது. உயிர் போவதற்கு முன்பே பசித்த சிப்பாய்கள் கத்தியுடன் அதை நெருங்கினார்கள். இதற்குமேல் விவரிக்க நமக்கு மனம் வரவில்லை.

லியாடி என்னும் ஊர் அருகே ஒரு சரிவில் மனிதர்களாலும் நிற்க முடியாமல் போயிற்று. சக்கரவர்த்தி முதல் சாமானியச் சிப்பாய் வரை எல்லோரும் தரையில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஐரோப்பாவின் மகுடங்களைப் பந்தாடிய மனிதன், குழந்தைகள் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல இறங்கிய அந்தக் காட்சியை எந்த ஆஸ்தான சித்திரக்காரனும் வரையத் துணிந்திருக்க மாட்டான். நவம்பர் மாதம் முடிவதற்குள் குதிரைப்படை என்று ஒன்று அநேகமாக இல்லாமலே போயிற்று. இன்னும் குதிரை வைத்திருந்த அதிகாரிகளை ஒன்று சேர்த்துப் 'புனித அணி' என்று ஒரு பிரிவு அமைத்தார்கள். கர்னல்கள் அதில் கீழ்நிலை அதிகாரிகளைப்போல் சவாரி செய்தார்கள். அதுவும் சில நாட்களில் கலைந்தது.

டிசம்பர் 5ந் தேதி இரவு நெப்போலியன் படையை விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் புறப்பட்டான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்தவர் யார் தெரியுமோ? அதே கோலன்கூர்தான். ஐந்து நாட்களுக்குப் பிறகு மகா சைன்யத்தின் மிச்சம் போனாரிக் குன்றின் அடியில் நின்றது. பனிக்கேற்ற லாடம் இல்லாமையே குதிரைகள் அழிந்ததற்குப் பெருங்காரணம் என்று கோலன்கூர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். அக்குறிப்புகள் 1933ஆம் வருஷத்தில்தான் அச்சேறின.

கூர்முளை லாடத்தில் உள்ள சங்கடங்களையும் சொல்லிவிட வேண்டும். முளையை லாடத்தோடு சேர்த்தே அடித்துவிட்டால், கல் பாவிய சாலையில் சில நாட்களிலேயே அது மழுங்கிப்போகும். மறுபடி கூராக்க லாடத்தையே கழற்ற வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை கழற்ற வேண்டிய லாடத்தை வாரத்துக்கு ஒரு முறை கழற்றி மாட்டினால், ஆணித் துவாரங்கள் பெருகிக் குளம்பின் சுவர் உதிர்ந்துவிடும். கூராகவே இருந்தாலும் தொல்லை உண்டு. குதிரை தன் ஒரு காலால் மற்றொரு காலை மிதித்துக் குளம்பின் மேல்விளிம்பில் காயப்படுத்திக்கொள்ளும். பனியில்லாத கெட்டித் தரையில் முளை ஊன்றிக் குளம்பு திரும்பாமல் நிற்க, மேலே உடல் திரும்பினால் மூட்டு பிசகும்.

ஆகவே, வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றக்கூடிய முளை தேவையாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் இதற்கு வழி கண்டார்கள். லாடத்தில் மரை வெட்டிய துவாரங்களை வைத்துவிட்டு, திருகாணி போன்ற முளைகளை ஒரு சிறு சாவியால் முடுக்குவது அந்த வழி. லாடம் காலிலேயே இருக்கும். காலையில் தெருவில் பனிக்கட்டியைக் கண்டால் வண்டிக்காரனே சில நிமிஷங்களில் நான்கு கால்களுக்கும் முளை பூட்டிவிடலாம். மாலையில் லாயத்தில் கழற்றிவிடலாம். மின்சார டிராம் வருவதற்கு முன்பு, அமெரிக்க நகரங்களில் டிராமும் சரக்கு வண்டியும் குதிரைகளை நம்பியே ஓடின. பனி உறைந்த காலைகளில் கருமான் பட்டறை வாசலில் குதிரைகள் வரிசையாகக் காத்து நிற்கும். அந்த நாட்டில் 'ஒருபோதும் வழுக்காது' என்று பொருள்படும் 'நெவர்ஸ்லிப்' என்னும் பெயரிலேயே ஒரு கம்பெனி தோன்றி, இத்தகைய கழற்றும் முளைகளை விற்றது. நடுவில் கெட்டியான எஃகும் சுற்றிலும் மெதுவான இரும்புமாகச் செய்துவிட்டால், சுற்றுப்புறம் முதலில் தேய்ந்து நடுப்பாகம் கூராகவே நிற்கும். தேயத் தேயக் கூராகும் இந்த யுக்தியை நாம் வெகுவாக ரஸித்தோம்.

வழுக்கல் ஒன்றுதானா பனியின் தொல்லை? புதிதாய் விழுந்த மெத்தென்ற பனி, லாட வளையத்துக்குள் அடைந்து உருண்டையாக இறுகிவிடும். குதிரை கட்டைக்கால் ஆட்டக்காரனைப்போல் தள்ளாடும். குளம்பின் அடியில் கொழுப்பைத் தடவுவது பழைய வைத்தியம். இன்று லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே ரப்பர்த் தகடு வைத்து, அடையும் பனியைத் தானே உதறிவிடும்படி செய்கிறார்கள். ஆழமான பனியிலோ புதைவதே ஆபத்து. அதற்கு நார்வே தேசத்தார் ஓர் உபாயம் கண்டிருந்தார்கள்: குதிரையின் குளம்பில் வட்டமான அகன்ற பனிப் பாதரக்ஷையைக் கட்டிவிடுவது.

இந்தப் பாதரக்ஷையின் சம்பந்தமாக, நெப்போலியனின் பிழையை நூறு வருஷம் கழித்துத் தென்துருவத்தில் ஒருவர் சிறிய அளவில் மறுபடி செய்தார். பிரிட்டிஷ் காப்டன் ஸ்காட், மஞ்சூரியாவிலிருந்து மட்டக் குதிரைகளைக் கொண்டுபோயிருந்தார். கம்பி வளையத்தின்மேல் மூங்கில் சுற்றிய பனிப் பாதரக்ஷைகளும் அவரிடம் இருந்தன. குதிரைகளைப் பார்த்துக்கொண்ட ஓட்ஸுக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. 1911 ஜனவரியில் உணவுக் கிடங்கு அமைக்கக் கிளம்பியபோது, ஒரே ஒரு குதிரைக்கான பாதரக்ஷையைத் தவிர மற்றவை முகாமிலேயே தங்கிவிட்டன. வழியில் அவற்றைச் சோம்பேறியான ஒரு குதிரைக்குக் கட்டிப் பார்த்தார்கள். வயிறு வரை புதைந்துகொண்டிருந்த அது சாதாரணமாக நடந்து போயிற்று! மற்றவற்றை எடுத்துவர உடனே ஆள் அனுப்பினார்கள். அதற்குள் நடுவிலிருந்த கடற்பனி உடைந்துபோய்விட்டது. புதைந்து புதைந்து நடந்த குதிரைகள் களைத்துவிட, 80ஆவது பாகையில் அமைக்க நினைத்த கிடங்கைச் சுமார் 30 மைல் முன்னதாகவே அமைத்துவிட்டுத் திரும்பினார்கள். மறுவருஷம் மார்ச் மாதத்தில் துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட்டும் இரு தோழர்களும் அந்தக் கிடங்குக்கு 11 மைல் தூரத்தில் கூடாரத்திலேயே உயிர் நீத்தார்கள். வேறு காரணங்களும் சேர்ந்துதான் அவர்களைக் கொன்றன. ஆனாலும் அந்தப் பாதரக்ஷைகள் முகாமில் சும்மா கிடந்ததை நினைக்காமல் இருக்க நம்மால் முடியவில்லை. 1912 நவம்பரில் அவர்களைத் தேடிச் சென்ற கூட்டத்தின் வண்டிகளை இழுத்தவை இந்தியாவிலிருந்து போன ஏழு கோவேறு கழுதைகள் என்பதையும் நேயர்கள் அறிந்துகொள்ளலாம்.

இப்போது பனி நாடுகளில் குதிரை பெரும்பாலும் விளையாட்டுக்கும் உல்லாசத்துக்கும்தான். ஸ்விட்ஸர்லாந்தில் ஸான்மோரிட்ஸ் என்னும் ஊரில், உறைந்த ஏரியின்மேல் 1907 முதல் குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள். ஐஸ்லாந்திலும் உறைந்த ஏரிகளின்மேல் குதிரைகளை நடைபழக்கிப் போட்டி வைக்கிறார்கள். முளைகளின் நுனியில் இன்று டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளைப் பதிக்கிறார்கள். எஃகைவிடப் பன்மடங்கு உழைக்கிறது. ஆணியே வேண்டாம் என்று, முளை பதித்த ரப்பர் ஜோடுகளும் வந்துவிட்டன. குதிரைக்காரன் புறப்படும்போது காலில் மாட்டி வாரை இழுத்துக் கட்டுகிறான். திரும்பி வந்ததும் அவிழ்த்து, பனியை உதறி, சுவரில் மாட்டிவிடுகிறான்.